வெளிக்கிடும்போது கேட்கக் கூடாத கேள்வி

1. ஞாயிறு பின்னேரம்

மாலாவின் போன் வந்தபோது நான் சலவை மெஷினிலிருந்து உடுப்புகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையில் வாடிக்கையாளர் எடுத்தால் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவள் வணக்கம்கூடச் சொல்லாமல் தொடங்கினாள்.

"பத்மாக்கா, இவை ரெண்டு பேரும் இன்னும் போன் எடுக்கேல்லை."

இவை என்றது அவளுடைய கணவர் ரஞ்சனையும் தம்பி சிவாவையும். றொக்கி மலைகளுக்கு நான்தான் அவர்களை அனுப்பியிருந்தேன். சனிக்கிழமை கீழ் ஏரி வரை ஏறி, அங்கே ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கி, ஞாயிறு மதியத்துக்குள் காருக்கு இறங்கி, சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்கு எடுக்கவேண்டும். இதுதான் திட்டம். அங்கே நாங்கள் இருக்கிற மொன்றியலை விட இரண்டு மணித்தியாலம் பின்னுக்கு. அதைக் கணக்கில் எடுத்தாலும் பிந்திவிட்டது. அதோடு இரவு மலையில் பனி கொட்டியிருப்பதைக் காலையில் வானிலை அறிக்கையில் பார்த்திருந்தேன். உடுப்புக் கூடையை அப்படியே வைத்துவிட்டேன்.

போன வருடம் ஓய்வு பெறும்வரை நான் செய்த வேலை இது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், டெப்பனர் என்று இங்கே சொல்கிற ஒரு மூலைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் பயண அலுவலகம். மலை ஏறுவது வாடிக்கையாளர்கள். அதற்கு முதல் பெர்மிட் எடுப்பது, கேம்ப்சைட் புக் பண்ணுவது, ட்ரெயில் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, ஒரு நாளில் எவ்வளவு உயரம் ஏறலாம் என்று சொல்வது, எத்தனை மணியானால் ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று சத்தியம் வாங்குவது எல்லாம் நான்.

வருகிறவர்கள் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். நீல நிறத்தில் ஓர் ஏரி, பின்னால் பனிமலை. சாறிக் கடையில் மேல் தட்டைக் காட்டி அதை எடு என்பதுபோல, இந்த ஏரிதான் வேண்டும் என்பார்கள். படம் எடுத்தவன் ஜூலையில் போயிருப்பான். இவர்களுக்கு லீவு செப்டெம்பர் கடைசியில். உங்களுக்கு அந்த ஏரி இல்லை என்றால் முகம் கோணும். கோணட்டும். திரும்பி வந்து கோணிக்கொள்ளலாம் என்று நான் நேரேயே சொல்லிவிடுவேன்.

எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. போகிறவருக்கு வழி தெரிந்தால் மட்டும் போதாது. வீட்டில் இருப்பவருக்கும் தெரியவேண்டும். வழியை மாற்றினால் அதையும் சொல்லிவிட்டுத்தான் கால் வைக்கவேண்டும்.

2. "நான்தான் விடேல்லை"

வீட்டுப் போனில் மாலாவை வைத்துக்கொண்டு, கைப்போனில் அந்த மலைப் பகுதியின் தேசியப் பூங்கா மீட்புப் பிரிவை எடுத்தேன். பேசிய அதிகாரி பொறுமையான மனிதர். கார் நிற்கிறதாம். கீழ் ஏரிக்கு ஆள் போய்ப் பார்த்துவிட்டாராம். நான் புக் பண்ணிய இடத்தில் கூடாரம் போட்ட தடமே இல்லையாம். பக்கத்தில் தங்கியவர்களும் இப்படி இரண்டு பேரைக் காணவில்லை என்றார்களாம்.

கார் நிற்கிற இடத்திலிருந்து மூன்று ட்ரெயில் பிரிகின்றன. ஒன்று கீழ் ஏரிக்கு, ஒன்று மேல் ஏரிக்கு, மற்றது பின்பக்கப் பள்ளத்தாக்குக்கு. முகில் இறங்கிக்கொண்டிருக்கிறது, அது மூடுமுன் ஹெலிகொப்டர் ஒரு பக்கம்தான் போய்வரலாம், எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். மலைக்குப் போனவர்களைத் தேடும் கேள்வி இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் என் சமையலறைக்கு வந்து நின்றது.

மற்றப் போனில் மாலாவைக் கேட்டேன். "நேற்றுக் காலமை ஹோட்டலில இருந்து எடுத்தவரெல்லோ? எங்க போறன் எண்டு சொன்னவர்?"

"சொல்ல வெளிக்கிட்டவர் அக்கா. நான்தான் விடேல்லை. ஒண்டும் சொல்லவேண்டாம், போட்டு வாங்கோ எண்டு போனை வைச்சிட்டன்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஆனால் அவள் செய்தது எனக்கு விளங்காத விஷயமும் இல்லை. வெளிக்கிட்டு நிற்கிற ஆளை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போன காரியம் உருப்படாது. எங்கள் வீடுகளில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை, தானாக வந்துவிடும். நானே என் மகன் சப்பாத்துப் போடும்போது "தூரமோ?" என்றுதான் கேட்பேன்.

இதெல்லாம் பார்க்கிற நேரமா என்று ஏசத் தொடங்கினேன். மாலா இடையில் மெதுவாகச் சொன்னாள்.

"பெரியண்ணை சைக்கிளை எடுக்கேக்க அம்மா கேட்டவ அக்கா, எங்கயடா போறாய் எண்டு. அவன் வரவே இல்லை."

ஊரில் போர் நடந்த காலம், போனவர்கள் திரும்பி வராத காலம் அது. அதற்குப் பிறகு அவள் ஒருவரையும் கேட்டதில்லையாம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைக்கூட. என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. இப்போது அவளுடைய புருசனும் மிஞ்சியிருக்கிற ஒரே தம்பியும் மலையில். அவள் கேட்காமல் விட்டதே அவர்களைக் கொண்டுபோய்விடும் போல இருந்தது.

3. வெறும் போத்தல்

எங்கே என்று கேட்டுப் பலனில்லை. எங்கள் பெண்களுக்கு வேறொன்று நிச்சயம் தெரியும். பையில் என்ன கட்டிக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

ஒப்பிப்பதுபோல வந்தது. பருத்தித்துறை வடை, உப்புக் கச்சான் கடலை, இடிச்ச சம்பல், தேயிலை, சீனி, சிவாவுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு சோடி. கடைசியாக ஓர் எவர்சில்வர் போத்தல்.

"அதுக்குள்ள என்ன?"

"ஒண்டும் இல்லை அக்கா. புதுப் போத்தல். மஞ்சள் தண்ணியால கழுவித் தா எண்டவர், கழுவிக் குடுத்தனான்."

அவர்கள் மொன்றியலின் ஓரத்தில், இல்-பிசாரில் புது வீடு வாங்கியிருந்தார்கள். அடுத்த மாதம் குடிபூரல். எனக்கு ரஞ்சன் அலுவலகத்தில் வந்து இருந்த நாள் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனிதர், எதையும் அவசரப்படாமல் கேட்பார். பனி உருகி நேரே விழுகிற ஏரி எது என்று கேட்டார். மேல் ஏரி, ஆனால் இந்த மாதத்தில் அந்தக் கற்சரிவில் பனி மூடும், உங்களுக்கு அது இல்லை என்றேன். நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டிவிட்டுப் போனார். வீட்டு வாசலில் வைக்கிற நிறைகுடத்துக்குத் தண்ணீர் அள்ளத்தான் அந்த மனிதர் போயிருக்கிறார். கும்பத்துக்கு அள்ளுகிறவர் வழியில் ஓடுகிற தண்ணீரில் நிற்கமாட்டார், பிறக்கிற இடத்துக்குத்தான் போவார்.

மேல் ஏரி என்று அதிகாரியிடம் சொன்னேன். நிச்சயமா என்று கேட்டார். வெறும் போத்தலின் கதையை இரண்டு வசனத்தில் சொன்னேன். சரி, மேல் ஏரிக்கே அனுப்புகிறேன் என்றார்.

காத்திருந்தோம். மாலா போனை வைக்கவில்லை, நானும் வைக்கச் சொல்லவில்லை. இடையில் ஒருமுறை, சரியாகத்தான் சொன்னீங்களோ அக்கா என்று கேட்டாள். ஓம் என்றேன். நான் சொன்ன ஓமில் எனக்கே பாதி நம்பிக்கைதான்.

கைப்போன் அடித்தது. மேல் ஏரிக்குக் கொஞ்சம் கீழே, கற்சரிவுக்கு இந்தப் பக்கம் கூடாரம் தெரிந்ததாம். இரண்டு பேரும் உயிரோடு. சிவாவுக்குக் கணுக்கால் பிசகி வீங்கியிருக்கிறது, ரஞ்சனுக்குக் குளிர் மட்டும்தான். பனி கொட்டியதும் நான் மண்டையில் அடித்துச் சொன்னபடி நகராமல் அதே இடத்தில் இருந்திருக்கிறார்கள். அதுதான் காப்பாற்றியது.

மாலாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்:

"சாப்பிட்டவையாமோ?"

நான் நிலத்தில் உட்கார்ந்து, ஈர உடுப்புக் கூடையில் சாய்ந்துகொண்டு அழுதேன். சிரித்தேன் என்றும் சொல்லலாம்.

4. தேத்தண்ணி

குடிபூரலுக்குப் போனேன். வாசலில் நிறைகுடம் இருந்தது, உள்ளே மொன்றியல் பைப் தண்ணீர். அள்ளிய ஏரித் தண்ணீர் எங்கே என்று ரஞ்சனைக் கேட்டேன். அவர் சிவாவைப் பார்த்தார். சிவா ஊன்றுகோலைப் பார்த்தான். ஏரியில் அள்ளிக்கொண்டு கற்சரிவால் இறங்கும்போதுதான் சிவாவின் கால் பிசகியதாம். இரவு நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்தத் தண்ணீரில்தான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வரவேண்டிய கும்பம் இப்போது சோபாவில் இருந்து வடை தின்னுது என்று மாலா சொன்னாள். அவள் பகிடி விட்டதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

அதன் பிறகு என் வேலை முறையை மாற்றினேன். வெளிக்கிடும்போது கேட்கக் கூடாது என்றால் முதல் நாளே கேட்கலாம். சப்பாத்துப் போடவில்லை, பை தூக்கவில்லை, அப்போது அது சகுனத்தில் சேராது. ஆகவே பயணத்துக்கு முதல் நாள், போகிறவரும் வீட்டில் இருக்கப்போகிறவரும் சேர்ந்து வரவேண்டும். தேத்தண்ணி தருவேன். மேசையில் மலை வழி வரைந்த மப்பை விரிப்பேன். வீட்டில் இருக்கப்போகிறவர்தான் எங்கே போறியள் என்று கேட்கவேண்டும். பிறகு வழியை அவரே எனக்குத் திருப்பிச் சொல்லவேண்டும். மலையில் வழியை மாற்றினால், கேட்காமலே அவருக்குச் செய்தி அனுப்பிவிடவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த கார்த்திக் என்ற பையன் முதலில் சிரித்தான். பிறகு மதுரையில் இருக்கிற தாயை வீடியோவில் கூப்பிட்டு, "எங்கம்மாவும் வாசல்ல நின்னா கேக்கவே மாட்டாங்க மேடம், இப்பக் கேக்கச் சொல்லுங்க" என்றான். அந்த அம்மா முழு ட்ரெயிலையும் பாடமாக்கினார்.

என் கதிரையில் இப்போது இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மலையின் விதியும் வீட்டின் விதியும் முட்டிக்கொண்டால், வீட்டின் விதியை உடைக்கப் போகாதீர்கள். அதற்குள் ஒரு சாவு இருக்கலாம். சுற்றிப் போக வழி இருக்கும், தேடுங்கள்.

அடுத்த வருடம், ஜூலையில், ரஞ்சன் மறுபடி மேல் ஏரிக்குப் புறப்பட்டார். முதல் நாள் மாலாவும் வந்தாள். தேத்தண்ணி ஆறும்வரை கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மப்பைப் பார்த்தபடி, புருசனைப் பார்க்காமல், எங்க போறியள் என்று கேட்டாள். ரஞ்சன் விரலை வைத்து ஒவ்வொரு வளைவாகக் காட்டினார். அவள் திருப்பிச் சொல்லும்போது ஓர் இடத்திலும் பிழை விடவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தைத் திறந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. மாலா. இந்த முறையும் வணக்கம் சொல்லவில்லை.

"பத்மாக்கா, கேட்டனான். வந்திட்டார்."