மாப்பிள்ளை எப்படிப் பார்த்தார்

சின்ன அத்தைக்கு இங்கிலீஷ் மட்டும்தான் காலை வாரிவிட்டது. பள்ளி இறுதித் தேர்வில் மற்ற பாடங்களில் எல்லாம் தேறியவள், அதில் மட்டும் போய்விட்டாள். சேரப்பணஞ்சேரியில் அவள் வயதுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு திரிந்தார்கள். அத்தை மேலட்டை போன ஒரு கைடோடு திரிந்தாள். அக்டோபரில் மறுபடி எழுத வேண்டும், தேறி டீச்சர் டிரெய்னிங் போக வேண்டும் என்பது அவள் கனவு. அதற்குள் நல்ல இடம் அமைந்தால் பரீட்சை கிடையாது என்பது அவளுடைய அண்ணன், அதாவது என் பெரியப்பா, போட்ட சட்டம்.

இங்கிலீஷ்காரர்களுக்கு வேறு வேலையே இல்லை போலும். நாம் 'பார்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வதற்கு அவர்கள் சீ, லுக், வாட்ச் என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். வித்தியாசத்தை எழுது என்று பரீட்சையில் கட்டாயம் கேட்பார்களாம். சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து அத்தை சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

"கண்ண தொறந்துகினு இருக்கசொல்ல தானா வந்து வுழுது பாரு, அது சீ. வேணும்னே திரும்பிப் பாத்தா லுக். இன்னா நடக்கப் போவுதோன்னு கண்ண எடுக்காம பாத்துகினே இருந்தா வாட்ச். அதோ அந்தக் கொக்கு பண்ணுதே, அது."

கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. தண்ணீருக்குள் இன்னொரு கொக்கு தலைகீழாக நின்றது. எந்தக் கொக்கைப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பேன். அத்தையின் குரல் காற்றோடு போய்ப் போய் வரும். கோரைப் புல்லின் வாசனையில் எனக்குக் கண் சொருகும். அந்தச் சாயங்காலங்களில் எது நடந்தது, எதை நான் தூக்கத்தில் கண்டேன் என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதன்பிறகு ஊரில் ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. அப்பா எப்போதும் சீ. பக்கத்து வீட்டுக்காரி லுக். பூனை பால் சட்டியை வாட்ச்.

ஆடி முடிந்ததும் பூந்தமல்லியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. செய்து வரும் சாமான்களில் கீறல் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டுமாம். பார்ப்பதற்குக்கூடவா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நான் வாயைப் பிளந்தேன்.

அத்தை என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "நான் தல குனிஞ்சிகினு இருப்பேன். அவரு என்ன எப்பிடிப் பாக்குறாருன்னு நீதான் பாத்துச் சொல்லணும். மூணுல எதுன்னு கரீட்டா சொல்லணும், இன்னா? வெறும் சீன்னா தப்பிச்சேன், பரீட்ச எழுதலாம்."

கூடத்துச் சுவரில் தாத்தாவின் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரிய மீசையோடு மாட்டியிருந்தது. மாப்பிள்ளையை அதற்கு எதிரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். படத்துக்கு நேர்கீழே சுவரில் சாய்ந்துகொண்டு நான் என் வேலையைத் தொடங்கினேன்.

அத்தை காபி கொடுத்தாள், விழுந்து கும்பிட்டாள், மாப்பிள்ளைக்குப் பின்னால் இருந்த சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டாள். அவருடைய அம்மா அவள் கூந்தலிலிருந்து குதிகால் வரை லுக் விட்டார். மாப்பிள்ளை திரும்பவே இல்லை.

"பொண்ணு இன்னாவோ பரீட்சைக்குப் படிக்குதுன்னாங்களே?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"அதெல்லாம் வுட்டாச்சும்மா. கண்ணாலம் ஆவப்போற பொண்ணுக்கு இங்கிலீசு எதுக்கு?" என்று பெரியப்பா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் தாத்தாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. செத்துப்போன தாத்தாவிடம் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனாலும் வேலை என்றால் வேலை. அவர் முகத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

அவர்கள் போனதும் ஓடிப்போய்ச் சொன்னேன். "உன்ன சீ கூட ஒழுங்கா பண்ல அத்த. தாத்தா படத்தத்தான் வாட்ச் பண்ணிகினு இருந்தாரு."

"அப்பாடா, நல்லதாப் போச்சு" என்றாள் அத்தை. கைடை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். இருட்டும்வரை அவள் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. நினைத்தது நடந்த பிறகும் ஒருத்தி ஏன் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

சில நாள் கழித்து மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். "பொண்ணப் புடிச்சிருக்கு. தை மாசம் வச்சிக்கலாம். அதுக்குள்ள அது பரீட்சைய எழுதிடட்டும்னு பையன் கண்டிசனா சொல்றான்" என்றார்.

பெரியப்பாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. பெண்ணுக்கு இன்னும் பரீட்சை மேல் ஆசை என்று அவர்களிடம் யார் போய்ச் சொன்னது? வீட்டில் ஓட்டை வாய் என்னுடையது ஒன்றுதான் என்பதால் என் காது திருகப்பட்டது. அத்தை அக்டோபரில் பரீட்சை எழுதினாள். சீ, லுக், வாட்ச் வரவே இல்லை. எழுவதற்கு ரைஸ், எழுப்புவதற்கு ரெய்ஸ் என்ற வித்தியாசத்தைத்தான் கேட்டிருந்தார்கள். ஆனாலும் தேறிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு டிரெய்னிங்கும் முடித்தாள்.

இருபது வருஷம் கழித்துப் பெரியப்பாவின் காரியத்துக்குப் போனபோது, அதே பெஞ்சில் எனக்குக் காபி கொடுத்தார்கள். எதிரே தாத்தா அப்படியே இருந்தார். வெளி வெளிச்சம் பட்டுக் கண்ணாடியில் மீசைகூடச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தது எனக்குப் பின்னால் இருந்த சமையலறை வாசல். அதில் நரைத்த தலையோடு சின்ன அத்தை நின்றிருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

காபி ஆறும்வரை நான் திரும்பவில்லை. அன்று எல்லாரும் சிரித்தபோது அத்தை எப்படி நின்றாள் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு பேர் இருந்த கூடத்தில் அதைப் பார்த்தவர் ஒருவர்தான்.