ஓரியானோவின் மரத்துப்போன விரல்கள்

செய்தி வந்தபோது மதியம் இரண்டேகால். சாஸ்ஸுவோலோ பள்ளியின் ஆசிரியர் அறையில் வேதியியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஃபோனில் கூப்பிட்டவன் லோரிஸ். என் கணவர் ஓரியானோவோடு இருபது வருஷமாகப் பட்டறையில் ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவன்.

"நீவெஸ், நீ வண்டிய எடுக்காத. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். காப்பி குடிக்க ஸ்டூலில் உட்கார்ந்த ஓரியானோ எழுந்திருக்கவில்லை என்பதைக் காரில் வரும்போதுதான் சொன்னான். இதயம் நின்றுவிட்டது.

பக்கத்து ஊர் ஃபோர்மீஜினேயில் முதலாளி நேரியோவின் பட்டறைக்கு ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டும்தான் வரும். அங்கே டேப்பட் வைப்பது, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது, ஓரியானோவின் வேலை. சுழலும் காம் தண்டுக்கும் அது அழுத்தித் திறக்கும் வால்வுக்கும் நடுவே முடியளவு இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் வால்வு முழுதாக மூடாமல் கருகிப்போகும். கூடினால் இன்ஜின் தையல் மிஷின் போலத் தட்டும். கனம் குறித்த மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக அந்த இடைவெளியில் நுழைத்து இழுத்துப் பார்ப்பார்கள். சரியான தகடு லேசாகப் பிடிக்கும். எவ்வளவு லேசாக என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். அளவு தவறினால் வால்வின் தலையிலுள்ள ஷிம் என்ற சின்ன வட்டச் சில்லை எடுத்துவிட்டு வேறு கனத்தில் ஒன்றை வைக்க வேண்டும். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்தபின்தான் இதையெல்லாம் செய்வார்கள். சூட்டில் எடுத்த அளவை நம்ப முடியாது.

லோரிஸுக்குக் கனத்த கை. தகட்டைத் தொட்டாலே ஓரியானோ ஆரம்பித்துவிடுவார்.

"தகட்ட இழுடான்னா மாட்ட இழுக்கற. கசாப்புக் கடையில இருக்க வேண்டியவன்டா நீ."

"நீ மட்டும் என்ன, பிஷப்பா? ஒரு வால்வுக்கு அரை மணி நேரம் கண்ண மூடி ஜெபம் பண்ற."

இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஓரியானோவுக்குக் குடலில் புற்றுக்கட்டி வந்தது. மருந்து கட்டியைக் கரைத்தது. கூடவே விரல்களின் உணர்வையும் கொண்டுபோனது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். கொதிக்கும் பாத்திரத்தை வெறும் கையால் பிடித்துவிட்டு, நான் கத்திய பிறகு கீழே வைப்பார். பட்டறையில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. பெஞ்சு வேலை முடியாதவர்களை நேரியோ முன்பக்கக் கவுன்டருக்கு அனுப்பிவிடுவார். இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று, வண்டி விடவருகிற பணக்கார டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் காப்பி கொடுக்க வேண்டும்.

"பல் டாக்டருங்களுக்குக் காப்பி ஊத்தறதா? அதுக்கு வீட்லயே கிடக்கலாம்" என்பார். ஆனால் வீட்டில் கிடப்பதை நினைத்தாலும் அவருக்குப் பயம்தான்.

அதனால் ஒவ்வொரு வால்வையும் திரும்பத் திரும்ப அளந்தார். சாயங்காலம் வந்து கோட்டைக் கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சூப்பை முன்னால் வைத்தால், கரண்டியை எடுப்பதற்குள் தூங்கியிருப்பார்.

போன ஜனவரியில், பனிமூட்டம் கலையாத ஒரு நாள். பட்டறையில் இன்ஜின் ஒன்று திறந்து கிடந்தது. காலையிலிருந்து அளந்ததில் வலது பக்க வால்வுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இடது பக்கத்தில் ஒன்றுகூடச் சரியாக இல்லை. தன் விரல் அடியோடு போய்விட்டது என்றே ஓரியானோ நினைத்திருக்கிறார். நேரியோவிடம் போய்ச் சொல்லிவிடுவதென்று கையைத் துடைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, குனிந்து இன்ஜின்மேல் கன்னத்தை வைத்தார். இடது பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது.

"எந்தக் கழுதைடா ஹீட்டர இந்தப் பக்கம் திருப்பி வச்சது?"

"நான்தான்" என்றான் லோரிஸ்.

"ஆறின இன்ஜின்லதான் அளக்கணும்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடா வச்ச?"

"சும்மா சும்மா ஷிம்மக் கீழ போட்டுக்கிட்டிருந்த. குளிர்ல உன் கை இன்னும் மோசமாயிடுது. பாத்துக்கிட்டே நிக்கச் சொல்றியா?"

ஓரியானோ ஹீட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

"எப்பலேந்து தெரியும்?"

"போன ஈஸ்டர்லேந்து. நேரியோகிட்ட மூச்சு விடல. விடவும் மாட்டேன். ஆனா இன்னிக்கு வேலை பாழாப் போச்சு, அதுக்கு ஏதாவது பொய் நீயே சொல்லிக்கோ, கிழவா."

மறுநாளிலிருந்து லோரிஸ் தகட்டை இழுத்தான். ஓரியானோ பக்கத்தில் குனிந்து, தகடு வளைவதையும் அவன் மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிக்குதா?"

"பிடிக்குது."

"எப்படிப் பிடிக்குது?"

"புது சாக்ஸ் மாதிரி."

"நாசமாப் போச்சு. இன்னும் மெல்லிசா ஒண்ணு எடு."

ஒருநாள் நேரியோ பின்னால் வந்து நின்று பார்த்தார். "ஒரே வால்வுமேல ரெண்டு பேருக்கும் அப்படி என்னய்யா காதல்?" என்று சொல்லிவிட்டுப் போனார். கவுன்டர் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஒருவர் வேலையை இருவர் செய்ததால் தேங்கியதை முடிக்க, சனிக்கிழமைகளிலும் இரண்டு பேரும் போனார்கள்.

இதனால் ஓரியானோவின் களைப்பு தீர்ந்தது என்று நான் எழுத மாட்டேன். தீரவில்லை. பெஞ்சு வேலை போய்விடுமோ என்ற பயம்தான் தீர்ந்தது. "போதும், விட்டுடலாமே" என்று கோடையில் கேட்டேன். "விட்டுட்டு?" என்றார். நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் அவருடைய துணிகளை எடுத்துவரப் பட்டறைக்குப் போனேன். வெரோனாக்காரர் ஒருவருடைய சாம்பல் நிறக் கார் பானெட் திறந்தபடி நின்றது. ஓரியானோ போன அன்று இருவரும் செய்துகொண்டிருந்த வேலை. ஜெர்மனியிலிருந்து ஏதோ பாகம் வரவேண்டும் என்று நேரியோ வண்டிக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறார். வர வேண்டியது எதுவும் இல்லை.

"தனியா இழுத்துப் பாத்தேன், நீவெஸ்" என்றான் லோரிஸ். "எல்லாத் தகடும் ஒரே மாதிரிதான் பிடிக்குது."

ஓரியானோவின் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்த வண்டிக்குப் பன்னிரண்டு சிலிண்டர். கடைசி சிலிண்டரின் வால்வுகள் இன்னும் அளக்கப்படவில்லை.