தூசி கேட்டுப் போனவர்

தூசித்துரை என்பது அவருக்கு மச்சான் சூட்டிய பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

அவர் வேலை பார்க்கும் பழைய மோட்டார் தொழிற்சாலையில் இப்போது கார் செய்வதில்லை, காட்டுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் கார்களெல்லாம் அங்கே வந்து கூடும். ஒவ்வொன்றும் ஓர் அறை நீளம். முப்பது வருஷமாக அவற்றைத் துடைப்பவர் இவர்தான். வாயால் ஊதுவார், ஆவி படியும், துணியால் ஒரு சுழற்று. அப்புறம் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

வீட்டிலும் அதே கைதான். கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்து மறுபடி துடைப்பார். "தேயுங்க, நல்லா தேயுங்க. ஓட்டை விழுந்தா சோத்தை உள்ளங்கையில போடறேன்" என்பாள் மனைவி. பெயர் சூட்டிய மச்சான் அவளுடைய தம்பிதான். அடுத்த தெரு. மின்விசிறி பழுது பார்க்கிறவர். அங்கே போனால் நம்மவர் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு நுனியில் உட்காருவார். "மெதுவா மச்சான், நாற்காலிக்கு வலிக்கப்போகுது" என்பார் மச்சான்.

அந்த வருஷம் விழா நாளன்று காலை ஏழு மணிக்கெல்லாம் துணியோடு வந்துவிட்டார். முந்தின நாள் லாரியில் வந்து இறங்கிய கறுப்புக் கார் ஒன்று, மேலெல்லாம் தூசி அப்பிக் கிடந்தது. கண்ணாடியில் 'தொடாதீர்கள்' என்று ஒரு தாள். படிக்காமல் இல்லை. ஆனால் அந்த மாதிரிப் பலகைகளையே தினமும் துடைக்கிறவர் அவர். அதெல்லாம் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு, தமக்கா என்ன? ஒரு கதவை முடித்து அடுத்ததற்கு ஊதும்போது மேனேஜர் ஓடிவந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க. நாற்பது வருஷம் கொட்டகையில கிடந்த வண்டி. தூசியோடவே காட்டணும்னு வண்டிக்குச் சொந்தக்கார அம்மா அனுப்பியிருக்காங்க. பத்து மணிக்கு வந்துடுவாங்க. அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து நீங்க வாசல்ல டிக்கெட் கிழிக்கத்தான் போகணும். கார் பக்கமே வரக்கூடாது."

கார் பக்கம் வராமல் அவர் என்ன செய்வார்? வீட்டுக்கு ஓடினார். கட்டிலடி, பரண், கதவிடுக்கு எங்கும் ஒரு துளி இல்லை.

"தூசியா? நீங்க இருக்கிற வீட்டுலயா?" என்றாள் மனைவி. "என் தம்பிகிட்டதான் போய்க் கேக்கணும்."

போனார். நாற்காலியைத் துடைக்காமல் உட்கார்ந்தார்.

"என்ன மச்சான், உடம்புக்கு முடியலையா?"

"கொஞ்சம் தூசி வேணும்."

மச்சான் திருப்புளியைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க. அக்காவையும் கூப்பிடறேன், அவளும் கேக்கட்டும்."

"கிண்டலை அப்புறம் வச்சுக்க. என்னை வாசலுக்குத் தள்ளப் போறாங்க."

மச்சான் முகம் மாறிவிட்டது. "எவ்வளவு பழசு வேணும்?"

"நாற்பது வருஷம்."

"அவ்வளவு பழசு கைவசம் இல்லை. அலமாரி உச்சியில பத்து வருஷத்துது இருக்கு."

ஒரு டப்பா நிறைய வழித்துக்கொண்டு, டீ வடிகட்டியும் கையுமாக இருவரும் தொழிற்சாலைக்குத் திரும்பினார்கள். கதவில் தூவினால் தங்குமா? சரிந்து விழுந்தது. அப்போதுதான் நம்மவர் வாயைக் குவித்து ஊதினார். ஆவி படிந்த இடத்தில் மச்சான் சலித்தார். ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷ மூச்சு முதல்முறையாகத் தூசிக்கு உதவியது.

பத்து மணிக்கு அந்தம்மா வந்து சுற்றிப் பார்த்தார். "எங்க கொட்டகைத் தூசி செம்மண் நிறமாச்சே. இந்தக் கதவு மட்டும் ஏன் சாம்பல் நிறமா இருக்கு?"

மேனேஜர் மேலே கூரையைப் பார்த்தார். நம்மவர் முன்னால் வந்தார்.

"நான்தான் தெரியாம துடைச்சுட்டேன்மா. இது என் மச்சான் வீட்டுத் தூசி. நல்ல தூசிதான்."

அந்தம்மா அவரைப் பார்த்தார், டப்பாவோடு நின்ற மச்சானைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "எங்கப்பா இந்த வண்டியில ஒரு விரல் ரேகை தங்க விடமாட்டார். இப்ப இருந்திருந்தா உங்களை விட்டுட்டு என்னைத்தான் திட்டியிருப்பார்." மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவர் வண்டிகளோடவே இருக்கட்டும். வண்டி முன்னால வைக்கிற விளக்கச் சீட்டை மட்டும் திருத்தி எழுதுங்க."

'நாற்பது வருடத் தூசி, ஒரு கதவு நீங்கலாக' என்று எழுதி வைத்தார்கள். அந்த ஒரு கதவு யார் வீட்டு உபயம் என்பதையும் போடவில்லையே என்று மச்சானுக்கு இன்னும் குறை.

இப்போதெல்லாம் நம்மவர் மச்சான் வீட்டுக்குப் போனால் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்தும் கொள்கிறார். தெருமுனை திரும்பி, மச்சான் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பேன்ட்டைத் தட்டிவிடுகிறார்.