பொறத்தால சாடினேன்

கடியப்பட்டணத்துப் பாறையிலிருந்து அண்ணனின் கூட்டுக்காரன் வழுக்கிக் கடலில் விழுந்தான். கூட நின்ற அண்ணனும் உடனே குதித்தான். கூட்டுக்காரனுக்குத் தலை பாறையில் அடிபட்டிருந்தது. உயிரோடு கரையேறியது அண்ணன் மட்டும். ஆஸ்பத்திரியில் ஒரு வெளியூர் டாக்டர், நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டார். முந்தின நாள் இரண்டுபேருக்கும் வாய்த்தகராறு வேறு. ஆஸ்பத்திரியிலிருந்தே போலீஸ் அவனைக் கொண்டுபோனது. கொலை வழக்கு, ஆயுள் தண்டனை.

கோர்ட் ஏற்பாடு செய்த வக்கீல் அண்ணனிடம் முகம்கொடுத்துப் பேசியதே இல்லை. தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. உட்கார்ந்து வாசித்தேன். பின்னாலிருந்து தாக்கியதாக அண்ணனே டாக்டரிடம் ஒப்புக்கொண்டான் என்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைதியைப் பார்க்க விடும் அடுத்த மனுநாளில் ஜெயில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்.

"நீ டாக்டர்ட்ட என்ன பறஞ்ச?"

"கெடந்து சத்தம் போடாதட்டி. அவனுக்க பொறத்தால சாடினேன்னு பறஞ்சேன். வேற என்னத்தப் பறைய?"

நாசமாய்ப் போக! அவன் பின்னாலேயே குதித்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறான். எங்களுக்குச் சாடுவதென்றால் குதிப்பது. டாக்டருக்கு அது பாய்ந்து அடிப்பது. அதற்குமேல் ஒருத்தரும் அவனிடம் கேட்கவில்லை.

அப்பீலுக்கான கெடு முடிந்திருந்தது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி முதலில் ஒரு மனு போடவேண்டும், அதை ஏற்றால்தான் அப்பீல் என்றார் இலவச சட்ட உதவியில் கிடைத்த மதுரை வக்கீல். அவருக்கே சந்தேகம்தான்.

"சாடுறதுன்னா தாக்குறதுதானேம்மா?"

"எங்க ஊர்ல தவளகூட சாடும் சார். அது யாரத் தாக்குது?"

சிரித்துவிட்டார். ஆனால் விடாமல் வாதாடினார். மனுவை ஏற்றார்கள், அப்பீல் வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் நிரபராதி என்றார்கள். ஜெயிலுக்குப் போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த அவன் மகள் அதற்குள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

அவன் வீடு வந்த அன்றே கூட்டுக்காரனின் அம்மா வந்தார்கள். நான் பேசப் போனபோதெல்லாம் கதவைச் சாத்தியவர்கள். கோர்ட் முதலில் சொன்னதைத்தான் நம்பியிருந்தார்கள்.

"எனக்க மவன நீ என்ன செய்த?"

"அவனுக்க பொறத்தால சாடினேன் மாமி. கை எட்டல்ல."

அவர்களுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இத அன்னைக்கே எனக்கிட்ட வந்து பறஞ்சிருக்கப்பிடாதா மக்கா?"

"வரணும்னுதான் இருந்தேன் மாமி. விட்டாத்தானே."