நாய் இருந்த விரதம்

எங்கள் நாய் புரட்டாசி விரதம் இருந்தது. அதுவாக வேண்டிக்கொள்ளவில்லை, நாங்கள்தான் இருக்க வைத்தோம். ஆரணியில் எங்கள் தெருவில் புரட்டாசி பிறந்ததும் மீன் சட்டியைத் தேய்த்துப் பரண்மேல் கவிழ்த்துவிடுவோம். சட்டி பரண் ஏறிவிட்டால் வீட்டிலுள்ள எல்லா வாய்க்கும் ஒரே சட்டம். காலையில் தயிர்சாதம், ராத்திரி ரசஞ்சாதம் என்று நாய்க்கும் அதையே போட்டேன். நெற்றியில் நாமம் போடவில்லை, அவ்வளவுதான் குறை.

நாய் என் அண்ணனுடையது. தேவிகாபுரத்தில் அவருக்கு வேர்க்கடலைக் கொல்லை இருக்கிறது. பன்றி விரட்டுவதற்காக வேட்டை நாய்க் கலப்பில் ஒன்றை வாங்கினார். அது பன்றியை விட்டுவிட்டு ஊரார் கோழியை விரட்டியதால் பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போட்டார். நான் போயிருந்தபோது அது சங்கிலி எட்டுகிற தூரத்துக்குள் வட்டமடித்து வட்டமடித்து மண்ணில் பள்ளமே விழுந்திருந்தது. "எங்கிட்ட குடு ணா, நான் பாத்துக்கறேன்" என்று வாய் விட்டுவிட்டேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, பையன் சென்னையில். வீட்டில் என் தறியும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவரிடம் பேசுவதற்கு நாயிடம் பேசலாம்.

வந்த நாளிலிருந்து ஓட்டம்தான். எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு போடுவார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்துச் சீவுகிற வேலை. இந்த நாய் ஒரு இழையும் மேலே படாமல் பாவை ஒட்டியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும். கூட ஒரு ஆள் போட்ட மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் மெச்சினார்கள். எனக்கும் பெருமைதான். ஓடுகிற ஓட்டத்துக்குத் தயிர்சாதம் எந்த மூலைக்கு என்று யோசிக்கிற புத்தி எனக்கும் இல்லை, மெச்சினவர்களுக்கும் இல்லை.

மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை படைத்தோம், சாப்பிட அண்ணன் வந்தார். இலையில் உட்காருவதற்கு முன்னாலேயே நாயைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமா இது, எலும்ப எண்ணலாம் போல கீது. சோறு போடறியா இல்ல, சொல்லிகினு மட்டும் கீறியா?"

"ரெண்டு வேளையும் வயிறு முட்டத் துன்னுது ணா."

"தே பாரு, கார்த்திகை தீபத்துக்கு வருவேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா கூட்டிகினு பூடுவேன். சங்கிலியில இருந்தாலும் அங்க உடம்போட இருந்துச்சு."

வடையைக்கூட வேண்டா வெறுப்பாகத்தான் தின்றார். எனக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. சொன்னால் செய்கிற மனுஷன். அந்தப் பள்ளத்துக்குள் மறுபடியும் இதைச் சுற்ற விடுவதா?

பக்கத்து வீட்டம்மா நெய் ஊற்றச் சொன்னாள். பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினேன். இரண்டு நாள் கழிச்சல். இருந்த உடம்பும் போயிற்று. மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்து நாய் டாக்டரிடம் ஓடினேன். சின்ன வயசுப் பெண். எழுதிக்கொண்டே கேட்டாள்.

"சாப்பாடு என்ன குடுக்கறீங்கம்மா?"

"நாங்க துன்றதுதாங்க."

"நீங்க என்ன சாப்பிடறீங்க?"

"புரட்டாசிங்களே."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "நாயுமா?" என்றாள். பக்கத்தில் பூனையோடு உட்கார்ந்திருந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

பூச்சி மருந்து கொடுத்தாள். நெய்யை நிறுத்தச் சொன்னாள். முட்டை, கோழிக்கறி, ஈரல் கொஞ்சம், எல்லாம் உப்பு வெங்காயம் இல்லாமல் வேகவைத்து, சோற்றோடு பிசைந்து மூன்று வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். சாப்பிட்டதும் ஓட விடக்கூடாது, ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். "குண்டாக்கிடாதீங்க. விலா எலும்பு கையில தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக்கூடாது" என்றாள். இது எனக்குச் சட்டென்று புரிந்தது. தறியில் அறுந்த பட்டிழைக்கு முடிச்சுப் போட்டால் அதுவும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எடை பார்க்க நாயைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறச் சொன்னாள். பிறகு என்னை மட்டும் ஏற்றிக் கழித்தாள். என் எடையை அவ்வளவு பேர் மத்தியில் உரக்கப் படித்திருக்க வேண்டாம்.

புரட்டாசி முடிய இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. பரண்மேல் ஏறிய சட்டியை இறக்கினேன். என் வீட்டுக்காரர் கேலண்டரைக் காட்டினார்.

"பெருமாளுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"தெரியட்டுங்க. நம்ம புண்ணியத்துக்கு அது ஏன் பட்டினி கெடக்கணும்? அவரே வந்து கேட்டாருன்னா நான் பதில் சொல்லிக்கறேன்."

அடுப்பை மட்டும் வீட்டுக்குள் வைக்கவில்லை. தோட்டத்தில் மூன்று செங்கல் வைத்து வேகவைத்தேன். வாசனை தெரு முழுக்கப் போயிற்று. யார் வீட்டில் முட்டை என்று ஆளாளுக்கு மோப்பம் பிடித்தார்கள். நாய்க்கு என்றால் யார் நம்பினார்கள்? என் வீட்டுக்காரர் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று பேச்சாகிவிட்டது. பாவம், மனுஷன் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு தயிர்சாதம் தின்றார்.

தின்ன வைப்பது சுலபமாக இருந்தது. படுக்க வைப்பதுதான் பேஜார். தட்டை நக்கிய கையோடு வாசலுக்குப் பாயும். கதவைச் சாத்தினால் கூடத்திலேயே சுற்றும். கட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை. கட்டிப்போடுவதற்கு அண்ணன் வீடே போதுமே.

ஒரு நாள் மத்தியானம் அது தின்று முடித்ததும் அலுப்பில் போய்த் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தேன். இரண்டு விரற்கடை நெய்திருப்பேன், நாய் வந்து குழி ஓரத்தில் படுத்தது. தறியின் மிதிக்கட்டையை மிதிக்க மிதிக்க அதன் கண் சொருகியது. வெற்றிலை போட எழுந்தேன், அதுவும் எழுந்தது. உட்கார்ந்தேன், படுத்தது. அன்றிலிருந்து மூன்று வேளையும் நாய்க்குச் சோறு வைத்துவிட்டு நான் ஒரு மணி நேரம் நெய்ய வேண்டியதாயிற்று. டி.வி. சீரியல் போயிற்று, மத்தியானத் தூக்கம் போயிற்று. சொன்ன நாளுக்குச் சேலையை இறக்கிக் கொடுத்தேன். நெய்யக் கொடுக்கிற முதலாளி உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். என்னை வேலை வாங்க இத்தனை வருஷம் என் வீட்டுக்காரரால் முடியவில்லை, ஒரு நாய்க்கு முடிந்தது.

கார்த்திகை பிறந்து மறுபடி மெஷினில் ஏறினோம். நாய் இரண்டரைக் கிலோ கூடியிருந்தது, நான் மூன்று கிலோ. புரட்டாசி முடிந்ததும் அதற்கு வேகவைத்த ஈரலில் எனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

தீபத்தன்று மத்தியானம் அண்ணன் வந்தார். கையில் பை. உள்ளே சங்கிலி சத்தம் கேட்டது. நாய் ஒரே பாய்ச்சலில் போய் அவர் மேல் ஏறி முகத்தை நக்கியது. சோறு போட்டவள் இங்கே நிற்கிறேன், கட்டிப்போட்டவரிடம் அத்தனை குதூகலம். இரண்டு பேர்மேலும் எரிச்சலாக வந்தது.

அவர் பார்வையாலேயே எடை போட்டார். "இன்னும் ஒல்லியாத்தான் கீது" என்றார்.

"கண்ணால பாக்காத ணா. கையால தடவிப் பாரு."

தடவினார். ஆனால் பையைக் கீழே வைக்கவில்லை. அதற்குள் நாயின் வேளை வந்துவிட்டது. தீபமாவது ஒன்றாவது என்று முட்டைச் சோற்றை வைத்தேன், தின்றது. வாசலில் விளக்குக்குக் கோலம் பாக்கி, அடைக்கு மாவு பாக்கி. எல்லாவற்றையும் போட்டுவிட்டு, வந்த அண்ணனுக்கு ஒரு தண்ணீர்கூடக் கொடுக்காமல், தறியில் போய் உட்கார்ந்தேன். நல்ல நாளில் இவளுக்குப் பைத்தியமா என்று அவர் பார்த்தார்.

நான் மிதித்தேன். நாய் அவர் காலடியிலிருந்து எழுந்து வந்து, குழி ஓரத்தில் சுருண்டு, என் தொடையில் தலையை வைத்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டது.

அண்ணன் கிட்டே வந்து குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார்.

"எங்கூட்ல இருந்த வரைக்கும்" என்றார், "இது தூங்கி நான் பாத்ததே இல்லமா."

சங்கிலிப் பையைச் சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு வந்தார். தண்ணீரையும் அவரே மொண்டு குடித்தார். நான் எழுந்திருக்கவில்லை, ஒரு மணி நேரம் ஆக இன்னும் பாதி இருந்தது.