விமானத்துக்கு எஸ்டிமேட் போட்ட அக்காவும் பொறாமைப்பட்ட தங்கையும்

இந்த நினைவு மலரைத் தொகுக்கும் எங்கள் சித்தப்பா, "கூடப்பொறந்தவ நீ, ரெண்டு பக்கம் எழுதிக் குடும்மா" என்றார். அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவரைப் பற்றி நல்லதைச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் அவர்மேல் பட்ட பொறாமையைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. அதையே எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது திருமழபாடிக்கு அருகில், நெல்லும் கரும்பும் போட்ட குடும்பத்தில். எனக்கு நான்கு வயது மூத்தவர். பெரம்பலூர் பாலிடெக்னிக்கில் அவர் சேர்ந்த வருடம் கரும்பு வெட்டாமல் காய்ந்து நின்றது. படிப்பு நின்றுவிடும் போலிருந்தது. அக்கா நிற்க விடவில்லை. பகலில் வகுப்பு, மாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை என்று படித்து முடித்தார். பிறகு பெங்களூரில் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் ஸ்டோரில் சேர்ந்து, ஆறே வருடத்தில் எஸ்டிமேட்டர் ஆனார்.

ஊரில் பாதிப்பேர் அக்கா விமானம் ஓட்டுகிறார் என்றே நம்பினார்கள். அவர் வேலை அதுவல்ல. ஒரு விமானம் பெரிய பராமரிப்புக்கு வருமுன், அதன் பழைய பதிவேடுகளை மட்டும் பார்த்து, எத்தனை ஆள், எத்தனை நாள், என்னென்ன உதிரிப்பாகம், மொத்தம் என்ன செலவு என்று எழுதிக்கொடுப்பது. குறைத்துச் சொன்னால் கம்பெனிக்கு நஷ்டம். கூட்டிச் சொன்னால் விமானம் வேறு ஊருக்குப் போய்விடும்.

நான் மீன்சுருட்டியில் வாழ்க்கைப்பட்டேன். அப்பாவின் சர்க்கரை மாத்திரை, அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் என் பொறுப்பு. ஆனால் வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் அப்பா காட்டுவது, அக்கா ஹெல்மெட் போட்டு விமானச் சக்கரத்தின் பக்கத்தில் நிற்கும் படத்தை. "பெரியவ எழுதிக் குடுத்தாத்தான் பிளேனே உள்ள வரும்" என்பார். நான் காபி கொண்டுவந்து வைப்பேன். "இது சின்னவ" என்பார். அத்தோடு என் வரலாறு முடிந்துவிடும்.

அந்த அக்கா ஒருமுறை தவறினார். அவர் பதினெட்டு நாள் என்று எழுதிக்கொடுத்த ஒரு விமானத்தில், பின்பக்கக் கழிவறையின் கீழே தரையைத் திறந்தபோது நீர்க்கசிவில் தாங்குசட்டமெல்லாம் அரித்துக் கிடந்தது. வேலை இரட்டிப்பு நாள் இழுத்தது. பதிவேட்டில் விவரம் இல்லை என்று தட்டிக்கழித்திருக்கலாம். மேலாளரும் அப்படித்தான் சொல்லச் சொன்னாராம். அக்கா கூட்டத்தில் எழுந்து, அந்த வயதான விமானத்தில் அந்த இடத்தை நான்தான் யோசித்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது.

மறுநாளே பஸ் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் சொல்லி அழுதார். தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த எனக்கு உள்ளுக்குள் மனம் குளிர்ந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

"யார்ட்டயும் சொல்லிடாதடி. அப்பா தாங்கமாட்டாரு."

"சொல்லுவனாக்கா?"

ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஜெயங்கொண்டத்தில் ஒரு காதுகுத்தில் அத்தை அக்காவின் புகழ் பாடத் தொடங்கியதும், "எஸ்டிமேட்டத் தப்பாப் போட்டுட்டாங்க அத்தை. வேலையே ஆட்டங்காணுதாம்" என்றேன். முதல் பாதி உண்மை. பின்பாதி நான் சேர்த்தது. அது அப்பாவின் காதுக்கு வந்தபோது, வேலையே போய்விட்டது என்றாகியிருந்தது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அக்கா எனக்குப் போன் செய்தார். "வேலை இருக்குன்னு அப்பாட்ட சொல்லிட்டேன். நீ நல்லாருக்கியா?" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. அதன்பின் பொங்கலுக்குப் புடவை வந்தது, என் மகளைக் கல்லூரியில் சேர்க்கத் துணை வந்தார். எல்லாரையும் விசாரித்தார். தன்னைப் பற்றி மட்டும் என்னிடம் எதுவுமே சொல்லவில்லை.

தனக்கு வந்த நோயையும் சொல்லவில்லை. அவர் படுக்கையில் விழுந்து நான்கு மாதம் கழித்து, அவரிடம் வேலை கற்ற ஷாலினி என்ற பெண்தான் எனக்குப் போன் செய்தாள். "மேடம் சொல்ல வேணாம்னாங்க. எனக்கு மனசு கேக்கலைங்க."

நான் பெங்களூருக்குப் போனபோது ஷாலினி அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். தனியாக வாழ்ந்த அக்காவை ஆபீஸ் பெண்கள் ஐந்து பேர் முறைபோட்டு லீவ் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த மாத்திரை குமட்டும், எந்தப் பக்கம் படுத்தால் வலி குறையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாகக் கிடக்கும் அக்காவைப் பார்த்த அந்த நிமிடத்திலும் எனக்கு அந்தப் பெண்கள்மேல் பொறாமைதான் வந்தது.

அவர்கள் வெளியே போனதும் சொன்னேன். "பொறாமைக்கா. அதான் அன்னிக்கு அத்தைட்ட அப்படிச் சொல்லிட்டேன்."

"தெரியும்டி."

"அப்பறம் ஏன் என்னைத் திட்டல?"

"திட்டிருந்தா நீ அழுதிருப்ப. நானும் மன்னிச்சிருப்பேன். மன்னிக்க எனக்கு மனசு வரல."

"இப்ப?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அவ பாதில வுட்டுட்டுப் போயிட்டா. தலைய வாரி வுடு" என்றார். எனக்கு அந்தப் பெண்ணின் கைப்பக்குவம் வரவில்லை. "வலிக்குதுடி" என்றார். ஆனாலும் போதும் என்று சொல்லவில்லை.

பத்தொன்பது நாள் கூட இருந்தேன். ஒரு விடியற்காலையில் அக்கா அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், உடலை ஊர் கொண்டுவர உதவிய நண்பர்களுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய சித்தப்பாவுக்கும், கொள்ளிடக் கரைவரை உடன் வந்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஷாலினிக்கும் அவள் தோழியருக்கும் தனியே சொல்ல வேண்டும். பெண்களே, அந்த நான்கு மாதமும் எனக்கு வந்திருக்க வேண்டியவை. என் வாயால் அவற்றை இழந்தேன். அவை உங்களுக்குக் கிடைத்ததில் எனக்கு இன்றும் பொறாமை தீரவில்லை. அந்தப் பொறாமையோடேயே உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.