தொண்டையில் நின்ற முள்

மகள் பிரான்சுக்குப் போன சில நாட்களில் என் தொண்டையில் மீன் முள் சிக்கியது. ஒன்றரை வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வைத்திக்குப்பத்தில் வாங்கி வந்த காரப்பொடி மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்ட மறுநாள், தொண்டைக்குழிக்குள் ஏதோ நின்றது. விழுங்கினாலும் போகவில்லை, காறினாலும் வரவில்லை.

மீன் தின்கிற வீடுகளில் இதற்கு வைத்தியம் ஒன்றுதான். வெறும் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்க வேண்டும்.

"ரெண்டு உருண்டை முழுங்குங்க, முள்ளு தானா எறங்கிடும்," என்றாள் மனைவி.

இரண்டு நாளில் முடிய வேண்டியதை நான் மாதக்கணக்கில் செய்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் நாலு உருண்டை, ஒரு வாழைப்பழம், உடனே படுக்கை. காலையில் குரல் கரகரவென்று இருக்கும். முள் இன்னும் ஆழமாகக் குத்திவிட்டது என்று அன்றைக்கு இன்னொரு உருண்டை சேர்ப்பேன். இப்போது நினைத்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது.

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் பொறுப்பு எனக்கு. நாள் முழுக்கக் கனைத்துக்கொண்டே இருப்பேன். "சாருக்கு ஹாரன் தேவையில்ல, வர்றது கேட்லயே தெரிஞ்சிடுது," என்று லோடு ஏற்றுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்துவைப்பேன்.

சிரிக்க முடியாத நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்ட பிறகும், மகள் சாயங்காலம் நாலரைக்கு ஹாலில் இருந்த பழைய போனுக்குத்தான் கூப்பிடுவாள். ஊரை விட்டுப் போக அவளுக்கு இஷ்டமில்லை. கருவடிக்குப்பத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்றவளைப் பேசிப் பேசியே கரைத்தவன் நான். மாப்பிள்ளை சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. எங்கள் ஊரில் அப்படி ஒரு இடம் வந்தால் பெண்ணுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

"நல்லா இருக்கியாம்மா?" என்பேன்.

"நல்லா இருக்கேம்பா. நீங்க?"

"எனக்கென்ன, நல்லா இருக்கேன்."

பிறகு இந்த ஊர் வெயிலையும் அந்த ஊர் குளிரையும் பேசிவிட்டு வைத்துவிடுவோம். வைத்ததும் தொண்டை இறுகும். ஞாயிறு எங்கள் வீட்டில் மீன் நாள் என்பதால், பழி மீன் மேலேயே விழுந்தது.

கடைசியில் புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்.

"முள்ளும் இல்ல, கட்டியும் இல்ல. வயித்துப் புளிப்பு மேல ஏறி தொண்டைய புண்ணாக்குது. படுக்கறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பிட்டுடுங்க." சீட்டு எழுதிக்கொண்டே, "மனசுல ஏதாவது கவலை ஓடுதா? கவலை இருந்தா இந்த அடைப்பு பெருசா தெரியும். அடைப்ப நெனைச்சி கவலை இன்னும் ஏறும்," என்றார்.

தொண்டையைக் காட்ட வந்தவனிடம் மனசை விசாரிக்கிறாரே என்று எனக்குக் கோபம். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை கனைத்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

உருண்டையை நிறுத்தினேன், மாத்திரை போட்டேன். கரகரப்பு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை அடைப்பு மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு ஞாயிறு, "நீங்க?" என்று அவள் கேட்டபோது வழக்கமான பதில் வாயில் வரவில்லை.

"நான் நல்லா இல்லம்மா," என்றேன். "உன்ன அனுப்பினதிலேருந்து தொண்டை அடைச்சிக்கிட்டே இருக்குது. முள்ளுன்னு நெனைச்சேன். உன்கிட்ட அப்பவே கேட்டிருக்கணும், கேக்கல. இப்ப கேக்கறேன். அங்க சந்தோஷமா இருக்கியா?"

போனில் அவள் கனைக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் ஒரு முறை.

"எனக்கும் வந்ததுலேருந்து அடைக்குதுப்பா," என்றாள். "இந்த ஊரு ரொட்டி கெட்டியா இருக்கே, அதுதான் கிழிச்சிடுச்சின்னு நெனைச்சிக்கிட்டு இருந்தேன்."